மூதாதையரைத் தேடும் காலம்

ஸ்காட்லாந்தின் பழைய ஏடுகள் முதல் அம்மையார்குப்பத்துத் தகரப் பெட்டி வரை

அந்தி சாயும் வேளையில், திருத்தணி வட்டாரத்து அம்மையார்குப்பத்துத் தெருக்களில் தறிகளின் ஓசை சற்றே அடங்கும்போது, நெசவாளர் வீடொன்றின் கூடத்தில், பரண்மேல் வெகுகாலமாகக் கிடந்த தகரப் பெட்டி ஒன்று கீழே இறக்கப்பட்டு, பாகப்பிரிவினைக்கு ஆதாரம் தேடிக் கூடியிருக்கும் அண்ணன் தம்பிகளின் நடுவே வைக்கப்படுகிறது. மூடியைத் திறந்ததும், பாச்சை உருண்டையின் நெடியோடு, முத்திரைத்தாளில் எழுதிய கிரயப் பத்திரங்களும், மூலைகளில் மஞ்சள் தடவிய ஜாதகங்களும், கல்யாணப் பத்திரிகைகளும், நூல் கட்டிய மொய் நோட்டுகளும் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன.

“தாத்தா, உங்க தாத்தா பேரு இதுல இருக்குதா?” என்று கல்லூரியில் படிக்கும் பேரன் கேட்கிறான்.

“இருக்கும்பா. ஆனா தெலுங்குல எழுதியிருக்காங்க. எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது” என்கிறார் பெரியவர்.

தெலுங்கு படிக்கத் தெரிந்த ஒருவர் அழைத்துவரப்பட்டு, பத்திரத்தை எழுத்துக் கூட்டி வாசிக்கும்போது, பாட்டனாரின் பெயரும், அவருடைய தகப்பனாரின் பெயரும், மனையின் நான்கு எல்லைகளும் தெளிவாகின்றன. அந்த மனையில் வாழ்ந்து, அந்தச் சந்ததியைப் பெற்று வளர்த்த பாட்டியின் பெயர் மட்டும் எந்தத் தாளிலும் அகப்படுவதில்லை. எல்லைப்புறத்து ஊர்களில் சொத்துப் பிரிக்கும் வீடுகள் பலவற்றிலும் காணக்கூடிய காட்சி இது.

கடல்களுக்கு அப்பால், ஸ்காட்லாந்து தேசத்தின் தலைநகராகிய எடின்பரோவில், 1774-ஆம் வருஷத்தில் அஸ்திவாரமிடப்பட்ட பொதுப் பதிவு மாளிகையில், கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும், ஏன், நம் அரக்கோணத்திலும் பெரம்பூரிலும் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் வழித்தோன்றல்களிலிருந்தும் கூட, ‘எங்கள் மூதாதையர் எந்தக் கிராமத்தவர்?’ என்ற ஒரே வினாவோடு ஜனங்கள் வந்து அமர்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர்க்கு விடை கிடைத்துவிடுகிறது. நம்மவரில் பெரும்பாலோர்க்குக் கிடைப்பதில்லை. இந்த வித்தியாசம் எங்கிருந்து உண்டாயிற்று, அதனால் விளைந்த நன்மை தீமைகள் யாவை, நாம் செய்ய வேண்டியது என்ன என்பவற்றை விசாரிப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

ஒரு தேசம் தன் குடிகளை எழுதிவைத்த விதம்

ஸ்காட்லாந்து ஒரு சிறிய தேசம். மலையும் பனியும் வறுமையும் மிகுந்த அந்த நாட்டிலிருந்து பல தலைமுறைகளாக மக்கள் பிழைப்புத் தேடித் தேசாந்தரம் போனார்கள். போனவர்கள் போக, அவர்கள் பிறந்த ஊரின் திருச்சபைக் குமாஸ்தா, ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் அடக்கத்தையும் தம்முடைய ஏட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். அந்த ஏடுகள் குறையற்றவை என்று சொல்வதற்கில்லை. கட்டணம் செலுத்த இயலாத ஏழைகள் பதியாமல் விட்டதுண்டு. 1783-இல் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி விதிக்கப்பட்டு, 1794-இல் அது நீக்கப்படும் வரையில் பதிவுகள் குன்றியதும் உண்டு. தேசியத் திருச்சபையை விட்டுப் பிரிந்து சென்றவர்களின் பெயர்கள் வேறு ஏடுகளில் சிதறிக் கிடந்ததும் உண்டு. இக்குறைகளையெல்லாம் கண்ட சர்க்கார், 1854-இல் ஒரு சட்டம் இயற்றி, 1855 ஜனவரி முதல் தேதி தொடங்கி, எந்த மதத்தினராயினும் எந்த நிலையினராயினும் பிறப்பு, விவாகம், மரணம் மூன்றையும் கட்டாயமாகப் பதியும்படி செய்தது.

வம்சாவளி தேடுவோர்க்கு ஸ்காட்லாந்து செய்த பேருபகாரம் இன்னொன்று உண்டு. அங்கே விவாகமான பெண்ணின் பிறந்தகத்துப் பெயர் ஏட்டிலிருந்து மறைவதில்லை. மரணப் பதிவிலும் கல்லறைக் கல்லிலும் கூட அது கணவரின் பெயரோடு சேர்ந்து நிற்கிறது. ஆகையினால் தந்தைவழியைப் போலவே தாய்வழியையும் பற்றிக்கொண்டு மேலே ஏறிச் செல்ல முடிகிறது. முதல் மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனாரின் பெயரையும், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டனாரின் பெயரையும் இடுவது அவர்களுடைய பழைய வழக்கம். நம் வீடுகளிலும் பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடுவதனால், பங்காளிகள் நால்வர்க்கு ஒரே பெயர் அமைந்து, பத்திரத்தில் குறித்தவர் எவர் என்ற மயக்கம் நேர்கிறதல்லவா? அதே மயக்கம் அங்கும் நேர்கிறது. ஆனால் தாயின் குடிப்பெயர் அருகில் நிற்பதனால் அது எளிதில் தெளிந்துவிடுகிறது.

■ ஸ்காட்லாந்தின் ஏடுகள் ■

● மிகப் பழைய திருச்சபைப் பதிவேடு பெர்த்ஷயரைச் சேர்ந்த எரோல் என்னும் ஊருடையது, 1553-இல் தொடங்குகிறது.

● 1855-ஆம் வருஷத்து அரசாங்கப் பதிவுகள் மற்ற எந்த வருஷத்தையும் விட விரிவானவை. மறு வருஷமே, வேலைப் பளுவை முன்னிட்டு விவரங்கள் குறைக்கப்பட்டன.

● 1841 முதல் எடுத்த குடிக்கணக்குகளில் வீடுவீடாகப் பெயர்கள் உள்ளன.

● பிறப்புப் பதிவின் பிரதியை 100 ஆண்டும், விவாகப் பதிவை 75 ஆண்டும், மரணப் பதிவை 50 ஆண்டும் கழிந்த பிறகு, வீட்டிலிருந்தபடியே இணையத்தில் காணலாம்.

மூதாதையைத் தேடிய பிரபுவும், கிராமங்களைத் தேடிய மெக்கன்ஸியும்

ஸ்காட்லாந்தியர் ஒருவர் தம் குல முதல்வரைத் தேடிய பிரயத்தனம், தென்னிந்தியக் கிராமங்களின் சரித்திரத்தையே காப்பாற்றித் தந்தது என்பது நம்மில் பலரும் அறியாத விருத்தாந்தம். லாகரிதம் என்னும் கணித முறையை 1614-இல் வெளியிட்ட ஜான் நேப்பியரின் வமிசத்தில் வந்த பிரான்சிஸ் நேப்பியர் பிரபு, தம் முன்னோரின் ஜீவிய சரித்திரத்தை எழுத விரும்பி, பண்டைய இந்துக்களின் கணித ஞானத்தைப் பற்றியும் அறிய அவாவினார். அதற்குத் துணைபுரிந்த இளைஞர் காலின் மெக்கன்ஸி. லூயிஸ் தீவிலுள்ள ஸ்டோர்னோவே என்னும் துறைமுகத்தூரில் பிறந்து, அங்கே சுங்க உத்தியோகம் பார்த்தவர்.

1783-இல் சென்னைக்கு வந்த மெக்கன்ஸி, நேப்பியர் பிரபுவின் குமாரத்தியும் மதுரையில் வாழ்ந்தவருமான ஹெஸ்டர் ஜான்ஸ்டன் அம்மையாரின் இல்லத்தில், அவ்வூர்ப் பண்டிதர்களைச் சந்திக்கும் வாய்ப்பைப் பெற்றார். நேப்பியரைப் பற்றிய ஆராய்ச்சி பின்னே தங்கிவிட, தாம் கண்ட இந்த நாட்டின் சாஸனங்களையும் சுவடிகளையும் ஊர் விருத்தாந்தங்களையும் திரட்ட வேண்டும் என்ற ஆசை அவரை ஆட்கொண்டது. நிலம் அளக்கும் உத்தியோகத்தில் ஊர் ஊராகச் சென்ற அவர், காவலி வெங்கட போரய்யா, லக்ஷ்மய்யா முதலிய சகோதரர்களின் உதவியோடு திரட்டிய தொகுதியில், ஸ்தல விருத்தாந்தங்கள் மட்டும் 2,070. சாஸனங்களின் பிரதிகள் 8,076. பாளையக்காரர்களின் வம்சாவளிகள் அவற்றில் ஏராளம். 1815-இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளராக உயர்ந்து, 1821-இல் கல்கத்தாவுக்கு அருகே காலமான அவருடைய சேகரத்தில் ஒரு பெரும் பகுதியைச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இன்றும் காணலாம்.

எனினும் ஒன்றை மறக்கலாகாது. மெக்கன்ஸியின் ஏடுகளில் பாளையக்காரருக்கு வமிசம் உண்டு, கோயிலுக்குப் புராணம் உண்டு, ஊருக்குக் கதை உண்டு. அந்த ஊரில் தறி நெய்தவனுக்கும் ஏர் உழுதவனுக்கும் வமிசம் எழுதப்படவில்லை. எரோல் கிராமத்துக் குமாஸ்தா தம் ஊர்க் குடியானவனின் குழந்தையையும் பெயர் சொல்லி எழுதினார். ஸ்காட்லாந்தின் ஏடுகளுக்கு உள்ள மகிமை முழுவதும், சாமானியனை அவை பெயரோடு எழுதிவைத்த அந்தக் காரியத்தில்தான் இருக்கிறது.

தாயின் பெயர் இல்லாத ஏடு

கம்பெனிக் காலத்துச் சென்னை ராஜதானியில் ஸ்காட்லாந்தியர் இல்லாத துறை இல்லை. கிளாஸ்கோவில் பிறந்த தாமஸ் மன்றோ கவர்னராகவே இருந்து, 1827-இல் பத்திகொண்டாவில் வாந்திபேதி கண்டு மரித்தார். அவரைப் போன்ற பிரமுகர்களுக்குச் சிலையும் சரித்திரமும் உண்டு; அவர்களோடு வந்த சிப்பாய்களும் குமாஸ்தாக்களும் பின்னால் ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தவர்களும், ஏடுகளில் ஓரிரு வரிகளாக மட்டுமே எஞ்சியிருக்கிறார்கள். சென்னை ராஜதானியின் திருச்சபைகள் பதிந்த ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் 1698 முதல் 1948 வரையில் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பிரிட்டிஷ் மூதாதையரைத் தேடும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் முதலில் நாடுவது அவற்றைத்தான்.

அங்கே அவர்களுக்குக் காத்திருக்கும் ஏமாற்றத்தை எண்ணினால் மனம் வருந்துகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதற்குப் பின்னரும், வெள்ளைக்காரச் சிப்பாய்க்கும் இந்த நாட்டுப் பெண்ணுக்கும் பிறந்த குழந்தையின் ஞானஸ்நானப் பதிவில், தந்தையின் பெயரும் அவருடைய பட்டாளமும் எழுதப்பட்டிருக்கும். தாயைப் பற்றி ‘சுதேசிப் பெண்’ என்ற குறிப்போடு நின்றுவிடும், அல்லது அதுவும் இராது. ஸ்காட்லாந்தில், விவாகமின்றிக் குழந்தை பெற்ற பெண்ணைத் திருச்சபைச் சபையார் விசாரித்துத் தந்தையின் பெயரையும் வாங்கி எழுதினார்கள். அதே திருச்சபையின் புத்திரர்கள் இங்கு வந்தபோது, தாயின் பெயரை எழுத வேண்டும் என்ற எண்ணமே பலருக்கு எழவில்லை. அந்தத் தாய்மார்கள் நம் தேசத்துப் பெண்கள். வடஆர்க்காட்டிலும் செங்கற்பட்டிலும் சென்னையிலும் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கும் பெற்றோரும் உடன்பிறந்தாரும் ஊரும் இருந்தன. இன்று அவர்களுடைய சந்ததியார் கிளாஸ்கோ வரைக்கும் வழி கண்டுபிடித்துவிடுகிறார்கள்; ஆர்க்காட்டுக்கு வழி காணமாட்டாமல் நின்றுவிடுகிறார்கள்.

சட்டமும் அந்த ஏடுகளின் வழியையே பின்பற்றியது. தந்தைவழியில் ஐரோப்பிய மூதாதையர் உடையவரையே நம் அரசியல் சாசனத்தின் 366-ஆம் விதி ஆங்கிலோ இந்தியர் என்று வரையறுக்கிறது. 1947-க்குப் பிறகு பிரிட்டனுக்குக் குடிபெயர விரும்பிய குடும்பங்கள், தந்தைவழியில் பிரிட்டிஷ் மூதாதை உண்டென்பதற்குக் காகிதச் சான்று தேடி, திருச்சபைகளுக்கும் பட்டாள அலுவலகங்களுக்கும் எழுதி எழுதி அலைந்தன. சான்று அகப்பட்டவர்கள் கப்பல் ஏறினார்கள்; அதே குடும்பத்தில் சான்று அகப்படாத கிளையினர் இங்கேயே தங்கினார்கள். ஒரு தாளின் இருப்பும் இன்மையும் உடன்பிறந்தாரை இரண்டு கண்டங்களில் பிரித்து வைத்தன.

■ சென்னையில் ஸ்காட்லாந்தியச் சுவடுகள் ■

● எழும்பூரிலுள்ள புனித ஆண்ட்ரூ ஆலயம் ஸ்காட்லாந்தியத் திருச்சபையாருக்காகக் கட்டப்பட்டு, 1821-இல் திறக்கப்பட்டது.

● செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தவரான ஆண்ட்ரூ பெல், 1789-இல் சென்னையில் சிப்பாய்களின் ஆண் குழந்தைகளுக்கான அனாதை ஆசிரமத்தின் தலைமையை ஏற்றார். நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அவர் வகுத்த போதனா முறை ‘சென்னை முறை’ என்று ஐரோப்பாவில் கியாதி பெற்றது.

● ஸ்காட்லாந்தியப் பாதிரியார் ஜான் ஆண்டர்சன் 1837-இல் தொடங்கிய பள்ளியே பின்னர்ச் சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியாக வளர்ந்தது.

● சென்னை ராஜதானியின் கல்லறைக் கல்வெட்டுகளை ஜே. ஜே. காட்டன் தொகுத்து 1905-இல் நூலாக வெளியிட்டார்.

காகிதம் இல்லாததற்குக் கொடுத்த விலை

மூதாதையர் தேட்டம் ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் உண்டு. அவர்கள் இலங்கையின் மலைநாட்டை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஸ்காட்லாந்தின் கின்கார்டின்ஷயரில் 1835-இல் பிறந்த ஜேம்ஸ் டெய்லர், 1867-இல் கண்டிச் சீமையின் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு, ஒரு பெருந்தொழிலுக்கு வித்திட்டார். அவரைப் போன்ற துரைமார் பலர் ஸ்காட்லாந்தியர். அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் தமிழ் நாட்டிலிருந்து கங்காணிமார் அழைத்துச் சென்ற ஏழை ஜனங்கள். துரையின் பிறப்பு அவருடைய ஊர்ப் பதிவேட்டில் இருக்கிறது. தொழிலாளியின் பெயரோ, தோட்டத்துச் செக்ரோலில் அன்றாடக் கூலிக் கணக்கின் பொருட்டு எழுதப்பட்டு, கணக்கு முடிந்ததும் கவனிப்பாரற்றுப் போயிற்று.

1948-இல் இலங்கை பிரஜாவுரிமைச் சட்டம் இயற்றியபோது, அத்தீவிலேயே பிறந்த ஒருவர் கூட, தம் தந்தை அங்கே பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனாரும் கொள்ளுப்பாட்டனாரும் அங்கே பிறந்தவர்கள் என்றோ ருசுப்படுத்த வேண்டும் என்று விதித்தது. தோட்டத்து வரிசை வீடாகிய லயக் காம்பராவில் பிறந்து, லயக் காம்பராவில் மரித்தவர்களின் பிள்ளைகள் எந்த ஏட்டைக் கொண்டு ருசுப்படுத்துவார்கள்? ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-இல் ஏற்பட்ட ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாகவே கொண்டு, இந்தியாவுக்கு 5,25,000 என்றும் இலங்கைக்கு 3,00,000 என்றும் பிரித்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பிற்பாடு தீர்மானிக்க விட்டுவைத்தது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003-இல்தான் பிறந்தது. பாட்டனார் பிறந்த இடத்தைக் காட்டும் ஒரு வரி எழுத்து இல்லாமையால், இரண்டு தலைமுறைகள் தேசமின்றி வாழ்ந்தன.

அந்தத் துரைமாரின் தேசத்து வழித்தோன்றல்களுக்கோ, பிரிட்டனில் பிறந்த பாட்டனாரோ பாட்டியாரோ உண்டென்று காட்டினால், காமன்வெல்த் நாட்டவர் அங்கே சென்று வேலை செய்ய அனுமதி தரும் விசா இன்றைக்கும் உண்டு. ஒருவருக்குக் கதவைத் திறந்த அதே வினா, மற்றவருக்குக் கதவை அடைத்தது. ஏடு என்பது உரிமை. இதைவிடத் தெளிவாக அதை உணர்த்தும் திருஷ்டாந்தம் வேறு வேண்டியதில்லை.

ஊர் இருந்த இடத்தில் இருந்தது, கச்சேரி நகர்ந்தது

இனி நம் திருத்தணி வட்டாரத்துக்கு வருவோம். இங்கே பழைய காகிதம் தேடுவோர்க்கு விசேஷமான ஒரு சங்கடம் உண்டு. கம்பெனிக் காலத்தில் வடஆர்க்காடு ஜில்லாவில் இருந்த இந்தப் பகுதி, 1911-இல் சித்தூர் ஜில்லாவோடு சேர்ந்தது; ம.பொ.சி., மங்கலங்கிழார் முதலியோர் முன்னின்று நடத்திய எல்லைக் கிளர்ச்சியின் பயனாக, 1960 ஏப்ரல் முதல் தேதியில் சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பி, செங்கற்பட்டு ஜில்லாவில் இணைந்தது. 1997-இல் திருவள்ளூர் மாவட்டமாயிற்று. ஆகவே ஒரே குடும்பத்தின் நான்கு தலைமுறைப் பத்திரங்களில் நான்கு ஜில்லாக்களின் பெயர்கள் காணப்படலாம். சில தெலுங்கிலும் சில தமிழிலும் இருக்கலாம்.

மற்றொன்று, திருத்தணி வட்டாரம் கார்வேட்டிநகர் ஜமீனைச் சேர்ந்திருந்தது. ரயத்துவாரிச் சீமைகளில் குடியானவனின் பெயர் சர்க்கார் கணக்கில் நேரே ஏறியது. ஜமீன் கிராமங்களிலோ கணக்கு ஜமீன் கச்சேரியோடு நின்றது. 1948-ஆம் வருஷத்து ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நடந்த நில அளவையிலும் பட்டா வழங்கலிலுமே, பல குடும்பங்களின் பெயர் முதன்முதலாகச் சர்க்கார் ஏட்டில் இடம் பெற்றது. பரம்பரைக் கர்ணம் உத்தியோகம் 1980-இல் ஒழிக்கப்பட்டபோது, ஊர்க் கணக்குகளோடு கர்ணத்தின் ஞாபகத்தில் இருந்த குடும்ப விவரங்களும் நம்மை விட்டுப் போயின.

இவ்வளவு இடர்களுக்கு நடுவிலும் சான்றுகள் அழிந்துவிடவில்லை. இந்த மண்ணின் தெலுங்குக் குடும்பங்கள் தம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொள்ளும் வீட்டுப் பெயர், பூர்விக ஊரை நூற்றாண்டுகள் கழித்தும் காட்டிக்கொடுக்கும். 1888-இல் திருத்தணியில் பிறந்து நாட்டின் ஜனாதிபதியாக உயர்ந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனின் பெயரிலேயே, அவருடைய முன்னோர் வாழ்ந்த நெல்லூர்ச் சீமைக் கிராமம் இடம்பெற்றிருக்கிறது. தர்ப்பணம் செய்யும் குடும்பங்களில் தந்தை, பாட்டனார், முப்பாட்டனார் பெயர்கள் வாய்மொழியாகவே காக்கப்படுகின்றன. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் அங்கத்தினர் ஏடுகளும், கோயில் தூண்களிலும் படிகளிலும் வெட்டிய உபயகாரர் பெயர்களும், இந்த வட்டாரத்துச் சாமானியரின் சரித்திர மூலங்கள்.

■ நீங்கள் தேடத் தொடங்கினால் ■

● முதலில் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பாட்டிமார்களின் பிறந்த ஊரையும் அவர்களுடைய தாயார் பெயரையும் தவறாமல் எழுதுங்கள்.

● மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். யார், எந்த ஊரார், என்ன முறை என்பது அதில் வரிசையாக இருக்கும்.

● ஜாதகங்களில் பிறந்த வருஷம், மாதம், நாளும், பழைய கல்யாணப் பத்திரிகைகளில் இரு வீட்டுப் பெரியவர்களின் பெயர்களும் கிடைக்கும்.

● சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றும், பழைய பத்திரங்களின் நகலும் பெறலாம். 1960-க்கு முந்தியவற்றுக்கு இன்றைய மாவட்டத்தோடு பழைய ஜில்லாவையும் மனத்தில் வையுங்கள்.

● இனாம் நிலம் உள்ள குடும்பமாயின், 1858-இல் தொடங்கிய இனாம் கமிஷனின் பதிவேடுகள் பயன்படும். எழும்பூரில் 1909 முதல் உள்ள ஆவணக் காப்பகத்தில் விசாரிக்கலாம்.

செய்ய வேண்டியவை

ஸ்காட்லாந்தியர் நமக்குக் காட்டும் பாடம் மூன்று. பணக்காரன், ஏழை என்ற பேதமின்றி எழுதினார்கள். எழுதியதைத் தலைநகரில் ஓரிடத்தில் சேர்த்துக் காத்தார்கள். காத்ததை எவரும் எளிதில் காணும்படி திறந்துவிட்டார்கள். 2009-ஆம் வருஷத்தில், கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் 250-ஆவது ஜயந்தியை ஒட்டி, உலகெங்கும் சிதறிய தம் வமிசத்தாரைத் தாயகத்துக்கு வருமாறு அந்தத் தேசம் அழைத்தது என்றால், அந்த அழைப்புக்கு ஆதாரமாக நின்றவை இந்த ஏடுகளே.

நமக்கு இத்தகைய மரபே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஹரித்வாரத்துப் பண்டாக்கள் யாத்திரிகர் குடும்பங்களின் பெயர்களைத் தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்திருக்கிறார்கள். அவற்றைப் படம் பிடித்துக் காக்கும் வேலையை 1970-களில் தொடங்கியது அமெரிக்காவின் யூட்டா வம்சாவளிச் சங்கம். நம் பொக்கிஷத்தின் அருமையை அயலார் வந்து உணர்த்த வேண்டியிருந்தது என்பது நமக்குப் பெருமை தருவதன்று.

ஆகையினால் சர்க்காருக்கு ஒரு விண்ணப்பம்: சார்பதிவாளர் அலுவலகங்களிலும் தாலுகாக் கச்சேரிகளிலும் கரையானுக்கு இரையாகும் பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகளையும் பத்திரப் புத்தகங்களையும் படம் எடுத்து, உயிரோடிருப்போரின் அந்தரங்கத்துக்கு ஊறு நேராதபடி ஸ்காட்லாந்தியரைப் போல் கால வரம்பு வகுத்து, பொது ஜனங்களுக்குத் திறந்துவிட வேண்டும். எல்லைப்புற வட்டங்களின் 1960-க்கு முந்திய ஏடுகளைப் பொறுத்தவரையில், தமிழ்நாடும் ஆந்திரமும் கலந்து பேசி, ஒருவர்க்கொருவர் பிரதி கொடுத்துக்கொள்ள வேண்டும். தெலுங்கு படிக்கத் தெரிந்த ஓர் உத்தியோகஸ்தர் இருந்தால் திருத்தணியிலேயே பல குடும்பங்களின் சிக்கல் தீரும்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சர்க்கார் செய்யும் வரையில் காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, வீட்டிலுள்ள மூத்தவரின் அருகே அமர்ந்து, அவர் சொல்லும் பெயர்களையெல்லாம் ஊரோடும் உறவோடும் எழுதுங்கள். எழுதும்போது பெண்களின் பெயரை முதலில் எழுதுங்கள். ஏடுகள் அவர்களுக்கு இழைத்த அநீதியைத் திருத்த நம் கையில் இருக்கும் வழி அதுதான்.